ரிசீவர் கேட்டோம், பையன் வந்தான்

2020 ஏப்ரல் 23, வியாழக்கிழமை ராத்திரி. விஸ்கான்சினில் ஏப்ரல் என்றால் வசந்தம் என்று காலண்டரில் மட்டும்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜ் கதவை முழுசாகத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பழைய டிவியை ஸ்டூல் மேல் ஏற்றியிருந்தார். அவர் ஒரு ஓரத்தில் மடக்கு நாற்காலி, நான் ஆறடி தள்ளி இன்னொரு மடக்கு நாற்காலி. கொரோனா ஊரடங்கு நேரம். அவர் கையில் பீர், என் கையில் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி. காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். இந்தக் கோலத்தில் நாங்கள் காத்துக்கொண்டிருந்தது கிரீன் பே பேக்கர்ஸ் அணி எந்த ரிசீவரை எடுக்கப் போகிறது என்று பார்க்க.

எந்த ரிசீவரை என்பதுதான் கேள்வி. ரிசீவரைத்தான் எடுப்பார்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை 32 அணிகளும் ஆண்டுக்கு ஒருமுறை முறை போட்டு எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஐபிஎல் ஏலம் மாதிரி பணப்பையைத் திறக்கிற வேலை இல்லை. ரேஷன் கடை வரிசை மாதிரி. என்ன, போன வருஷம் கடைசியாக வந்த அணி இங்கே முதலில் நிற்கும். நன்றாக ஆடியவர்கள் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் போக வேண்டுமானால் முன்னால் நிற்பவருக்கு ஏதாவது கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிகிறவர், ரிசீவர் அதை ஓடிப்போய்ப் பிடிக்கிறவர், கார்னர்பேக் எதிரணி ரிசீவரைப் பிடிக்க விடாமல் தடுக்கிறவர். குவார்ட்டர்பேக் களத்தில் ஒரே ஒருத்தர்தான். மற்ற எந்த இடத்திலும் இரண்டு பேரை மாற்றி மாற்றி இறக்கலாம், அந்த இடத்தில் மட்டும் முடியாது. ஒருத்தர் ஆடினால் மற்றவர் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். பின்னால் நடந்த அத்தனை சண்டைக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

அந்த ராத்திரி எங்கள் அணி வரிசையில் 30-ஆவது. முந்தைய சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தபோது சான் ஃபிரான்சிஸ்கோ 37-20 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸுக்கு வயது 36. அவர் எறிந்ததைப் பிடிக்க டாவன்ட்டே ஆடம்ஸை விட்டால் ஆள் இல்லை. அந்த சீசனில் ஆடம்ஸ் தவிர ஒருவர்கூட 500 யார்டு தொடவில்லை. அந்த வருஷம் பார்த்து கல்லூரிகளில் ரிசீவர்கள் வேறு கொட்டிக் கிடந்தார்கள். பசித்தவன் வாசலில் பந்தி போட்ட மாதிரி.

டிராஃப்டை லாஸ் வேகஸில் தடபுடலாக நடத்துவதாக இருந்து, கடைசியில் லீகின் தலைவர் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். 22-ஆவதாக ஜஸ்டின் ஜெஃபர்சன் மினசோட்டாவுக்குப் போனார். பெரியவர் பீர் கேனைக் கீழே வைத்தார். மினசோட்டா எங்களுக்கு பங்காளி. 25-ஆவதாக பிராண்டன் அயூக், போயும் போயும் எங்களைத் தோற்கடித்த அதே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. அடுத்த நிமிஷம் திரையில் பேக்கர்ஸ் சின்னம். 30-ஆவது இடத்தோடு நாலாவது சுற்றுத் தேர்வு ஒன்றையும் மயாமிக்குக் கொடுத்து 26-க்கு முன்னேறியிருந்தார்கள். பெரியவர் எழுந்தே விட்டார். கிளெம்சன் கல்லூரியின் டீ ஹிக்கின்ஸ் இன்னும் மிச்சம் இருந்தார். "அவன்தான், அவன்தான்" என்றார்.

ஜோர்டன் லவ், குவார்ட்டர்பேக், யூட்டா ஸ்டேட்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். டிவியில் அந்தப் பையன் தன் வீட்டு சோபாவில் உறவுக்காரர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நமக்குத்தான் ஒருத்தன் இருக்கானே?"

மறுநாள் ஹிக்கின்ஸ் சின்சினாட்டிக்குப் போனார். நாங்கள் இரண்டாவது சுற்றில் ஓடுகிற ஆள் ஒருத்தரையும், மூன்றாவதில் டைட் எண்டு (பாதி நேரம் தடுப்பார், பாதி நேரம் பிடிப்பார்) ஒருத்தரையும் எடுத்தோம். ஏழு சுற்றும் முடிந்தது. ஒரு ரிசீவர்கூட இல்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் முழுக்க இந்த ஊரில் வேறு பேச்சு இல்லை. மளிகைக் கடையில் முகக்கவசத்தோடு ஆறடி இடைவெளியில் நின்றுகொண்டு கத்தினார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் ஜூம் மீட்டிங் தொடங்கும் முன் பத்து நிமிஷம் இதற்கே போகும். கோபக்காரர்கள் கட்சி பெரிது, நானும் அதில்தான். ராட்ஜர்ஸின் ஒப்பந்தம் இன்னும் நாலு சீசனுக்கு இருக்கிறது. ஒரு ஆட்டம் தூரத்தில் கோப்பை. இப்போது போய் பெஞ்சில் உட்கார வைக்க ஒருத்தனை எடுப்பானேன்? அந்தப் பையனின் கடைசிக் கல்லூரி சீசனோ 20 டச்டவுன் (பந்தை எதிராளி கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது), 17 இன்டர்செப்ஷன். அதாவது பதினேழு தடவை எதிராளி கையில் கொடுத்திருக்கிறான். கணக்குத் தெரிந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள், அதுதான் எனக்கு வலுவான வாதமாகப் பட்டது. முதல் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக்கின் அருமையே முதல் நாலு வருஷம் அவன் சம்பளம் குறைவு என்பதுதான். லவ்வுக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 1.2 கோடி டாலர். தேர்ந்த ஆளுக்கு ஒரே வருஷத்தில் அதைப் போல மூன்று பங்கு போகும். மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல ஆள் பிடிக்கலாம். அந்த மலிவு வருஷங்களில் மூன்றை பெஞ்சிலேயே கரைத்தால் என்ன லாபம்?

எதிர்க்கட்சியில் ஆட்கள் கம்மி. ஆனால் நிதானமாகப் பேசினார்கள், அதுதான் எரிச்சல். குவார்ட்டர்பேக் என்பவன் வேண்டும்போது கிடைக்க மாட்டான், கிடைக்கும்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 13 ஆட்டம் ஜெயிக்கிற அணிக்கு வரிசையில் முன்னால் நிற்கிற பாக்கியம் எப்போது வரும்? தெற்கே சிகாகோவைப் பார், 2017-இல் இரண்டாவதாகப் போய் மிட்ச் ட்ரூபிஸ்கியை எடுத்தார்கள், பத்தாவதாக வந்த பேட்ரிக் மஹோம்ஸ் கான்சஸ் சிட்டியில் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு கோப்பை தூக்கினான். ரிசீவரா? ஆடம்ஸே இரண்டாவது சுற்றில் வந்தவர்தான், நாம் என்றைக்கு ரிசீவருக்கு முதல் சுற்றைச் செலவழித்தோம் (உண்மை, கடைசியாக எடுத்தது 2002-இல்). கடைசியாக அந்த வாயடைக்கும் அஸ்திரம்: ராட்ஜர்ஸே இப்படி வந்தவர்தானே?

அதுவும் உண்மைதான். 2005-இல் பிரெட் ஃபார்வுக்கு 35 வயது, ஊரே சாமி மாதிரி கும்பிட்டுக்கொண்டிருந்தது. அப்போது 24-ஆவதாக ஏரன் ராட்ஜர்ஸ். டிவி கேமரா முன்னால் மணிக்கணக்கில் யாரும் எடுக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பையன், மூன்று வருஷம் ஃபார்வ் பின்னால் நின்றான். 2008-இல் ஃபார்வ் அழுதுகொண்டே ஓய்வு அறிவித்து, பிறகு மனசு மாறித் திரும்பி வந்து, கடைசியில் நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆகஸ்டில் எங்கள் லம்போ மைதானத்தில் ஃபேமிலி நைட் பயிற்சி ஆட்டத்தில் ராட்ஜர்ஸைப் பார்த்து ஊர்க்காரர்களே கூச்சல் போட்டார்கள். மூன்றே வருஷத்தில், 2011 பிப்ரவரியில், அதே ராட்ஜர்ஸ் சூப்பர் பவுலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2010-இல். வந்த முதல் குளிர்காலத்திலேயே கோப்பை! ஆண்டுக்கு ஒன்று வரும் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவி.

பெரியவரிடம் அந்த அஸ்திரத்தை நான் ஒருநாள் எடுத்து விட்டேன், எதிர்க்கட்சி சார்பில் சும்மா ஒரு சீண்டலுக்கு. 2008 ஃபேமிலி நைட்டுக்கு நீங்கள் போயிருந்தீர்களா என்று கேட்டேன். போயிருந்தாராம். கூச்சல் போட்டீர்களா? "போட்டேன்" என்றார். கொஞ்சமும் வெட்கமில்லை. என்னை கராஜுக்குள் கூட்டிப்போய் ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டினார். மேலே ஃபார்வின் 4-ஆம் எண் ஜெர்சி, 1996-இல் வாங்கியது. ஃபார்வ் 2009-இல் மினசோட்டாவுக்கு ஆடப் போனதும் பெட்டிக்குள் போனது, 2015-இல் கிரீன் பே அந்த எண்ணை ஃபார்வ் பெயரிலேயே ஓய்வு கொடுத்ததும் வெளியே வந்து இஸ்திரி பண்ணிக்கொண்டது. தோள்பட்டையில் கடுகுச் சாஸ் கறை ஒன்று இன்னும் போகவில்லை. "ஒவ்வொரு தடவையும் நான் தப்பாத்தான் இருந்திருக்கேன். அதனால இந்தத் தடவையும் தப்புன்னு ஆயிடுமா?" என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இந்த மொத்தச் சண்டையையும் வேறு மாதிரி காட்டியது. "எனக்கு எழுபத்திரண்டு. அவங்க அடுத்த பத்து வருஷத்துக்குப் பிளான் போடறாங்க. நல்லது. நான் இருக்கணுமே?"

இதைச் சொன்னபோது அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, காகித ஆலையில் நாற்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர், மணி கணக்கு போடுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் எனக்கு உறைத்தது. நாங்கள் லவ் என்கிற பையனைப் பற்றிச் சண்டை போடவே இல்லை. அவன் ஆட்டத்தை எங்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததே கிடையாது; யூட்டா ஸ்டேட் எங்கே, நாங்கள் எங்கே. சண்டை யாருடைய கடிகாரத்தைப் பார்த்து நடப்பது என்பதில். ராட்ஜர்ஸுக்கு மிச்சம் மூன்று நாலு வருஷம். பெரியவருக்கு அவர் கணக்கு. அணிக்கு மட்டும் சாவு இல்லை.

அதுவும் இந்த அணிக்கு! பேக்கர்ஸுக்கு முதலாளி கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1923-லிருந்து பொதுமக்கள் பங்கு வாங்கி நடத்துகிற அணி, இப்போது ஐந்து லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்கிற ஊரில் 81,000 பேர் உட்காரும் மைதானம். 2021 நவம்பரில் பங்கு விற்றபோது நானும் 300 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். லாப ஈவு கிடையாது, விற்க முடியாது, விலை ஏறாது. "அப்ப எதுக்கு வாங்கினீங்க?" என்று என் மனைவி கேட்டாள், இன்றுவரை என்னிடம் பதில் இல்லை, பத்திரத்தை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மற்ற அணிகளில் எண்பது வயசுப் பணக்கார முதலாளி ஒருத்தர் இருப்பார், நான் கண்ணை மூடுவதற்குள் கோப்பை வேண்டும் என்று மேஜையைத் தட்டுவார். அதில் முட்டாள்தனமும் நிறைய நடக்கும். ஆனால் அந்த அவசரம் ரசிகனின் அவசரத்தோடு ஒத்துப்போகும். எங்கள் பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்டின் மேஜையைத் தட்ட ஆள் இல்லை. எங்களைப் போல ஐந்து லட்சம் முதலாளிகள், ஒருத்தரும் அவரைப் போனில் கூப்பிட முடியாது. 35, 36 வயசுக்காரர் அணியில் இருக்கும்போதே அடுத்தவனை எடுத்து வைக்கிற துணிச்சல் இங்கேதான் வரும், அதுவும் இரண்டு தடவை.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கோடையில் பின்கட்டில் கூடியபோது மதுரைக்கார நண்பர் ஒருத்தர், "தோனி இருக்கும்போதே அடுத்த கேப்டனைப் பார்த்து வெச்சா தப்பா?" என்று கேட்டார். தோனியை இழுக்காமல் இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. தப்பில்லை. ஆனால் தோனிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள், இல்லையா? இங்கே ராட்ஜர்ஸுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. செய்தி வந்ததும் டெக்கீலா ஊற்றிக்கொண்டதாக அவரே பிறகு சொன்னார். இந்த அணியிலேயே தொடங்கி இந்த அணியிலேயே முடிக்கிற ஆசை இனி தன் கையில் இல்லை என்றும் ஒரு பேட்டியில் சொன்னார். இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம் என்று மேலாளரும் பின்னால் ஒத்துக்கொண்டார். ஒரு போன். அதைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அப்புறம் நடந்தது விசித்திரம். கோபம் வந்த மனிதர் தீயாக ஆடினார். 2020-இல் 48 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2021-இல் மறுபடியும் அதே விருது. இரண்டு கட்சியும் இதைத் தங்கள் பக்கம் இழுத்தன. பார்த்தாயா, இவருக்கு மாற்று எடுத்தது எவ்வளவு மடத்தனம் என்று நாங்கள். பையனை எடுத்ததால்தான் இவருக்கு ரோஷம் வந்தது என்று அவர்கள். ரோஷத்துக்கு விலை 26-ஆவது இடமும் ஒரு நாலாவது சுற்றும்! வாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா.

பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? ஒன்றும் இல்லை. 2020-இல் கொரோனாவால் முன்சீசன் ஆட்டங்கள் கிடையாது; சீசனில் மாற்று ஆளாகக்கூட இல்லை, மாற்றுக்கு மாற்று. ஒரு ஆட்டத்தில்கூட உடுப்பு மாட்டவில்லை. கேமரா அடிக்கடி அவன் முகத்துக்குப் போகும், ராட்ஜர்ஸ் தவறு செய்தாலும் போகும், சாதித்தாலும் போகும். பதினாலு வயதில் அப்பாவை இழந்தவன், பேக்கர்ஸ்ஃபீல்டு என்கிற கலிபோர்னியா ஊர்க்காரன். பெயர்ப் பொருத்தம் பாருங்கள், கடைசியில் பேக்கர்ஸிடமே வந்து சேர்ந்தான். கால்பந்தில் துளி ஆர்வம் இல்லாத என் மனைவி ஒருநாள் டிவியைக் கடந்து போகும்போது நின்று, "இந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு? இவனா வந்து எடுத்துக்கோன்னு கேட்டான்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாக நான் திட்டிய திட்டில் பாதி அவன் பேரைச் சொல்லித்தான்.

2021 ஜனவரியில் டாம்பாவிடம் சொந்த மண்ணில் 31-26 என்று தோற்றோமே, அந்த ஆட்டத்தை நாங்கள் இன்னும் விடவில்லை. எட்டுப் புள்ளி பின்னால், எட்டு யார்டு தூரம், இரண்டு நிமிஷம் சொச்சம் பாக்கி. மூன்று முறை எறிந்து மூன்றும் பிடிபடவில்லை. கடைசி வாய்ப்பான நாலாவது முறை பயிற்சியாளர் மேட் லஃப்ளூர் மூன்று புள்ளிக்கு உதைக்கச் சொன்னார். பந்து திரும்பி வரவே இல்லை. அங்கே ஹிக்கின்ஸ் மாதிரி ஒருத்தன் நின்றிருந்தால்? பெரியவர் இதைக் கேட்காத மாதம் இல்லை. பயிற்சியாளர் செய்த தப்புக்கு ரிசீவர் என்ன செய்வான் என்று நான் கேட்பேன். இங்கே மட்டும் நாங்கள் கட்சி மாறிக்கொள்வோம்.

2022-இல் 8 வெற்றி, 9 தோல்வி. 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸும் ஜெட்ஸுக்கே போனார், ஃபார்வ் போன அதே வீட்டுக்கு; போன இடத்தில் முதல் ஆட்டத்தில் நாலாவது முறையிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். இங்கே லவ் முதல் ஒன்பது ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தான். அக்டோபரில் பழைய கோபக்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம், சொன்னோமே என்று. பிறகு அவனுக்கு என்ன ஆயிற்றோ, கடைசி எட்டு ஆட்டத்தில் 18 டச்டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன். ஜனவரியில் டாலஸுக்கே போய் 27-0 என்று முன்னேறி, 48-32 என்று முடித்தான். ஏழாவது இடத்தில் வந்த அணி பிளேஆஃபில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவில் 24-21, கடைசி நிமிஷத்தில் குறுக்கே எறிந்து எதிராளியிடம் கொடுத்தான். 2024 ஜூலையில் நாலு வருஷத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம். அவனுக்குப் பிடித்துக் கொடுக்க ரிசீவர்கள் வரிசையாக வந்தார்கள்: வாட்சன், டப்ஸ், ரீட். ராட்ஜர்ஸ் கேட்டுக் கேட்டு அலுத்த சரக்கு.

அப்படியானால் எதிர்க்கட்சி ஜெயித்ததா? அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பையன் தேறினான் என்பதால் அந்த ராத்திரி சரி என்று ஆகாது; ராட்ஜர்ஸுக்கு இரண்டு விருதும் பூஜ்யம் கோப்பையும்தான் மிச்சம் என்பதால் தப்பு என்றும் ஆகாது. மூன்று வருஷ மலிவுச் சம்பளம் கரைந்தது நிஜம். ஊர் குவார்ட்டர்பேக் இல்லாமல் தெருவில் நிற்காததும் நிஜம். பத்து வருஷக் கடிகாரம் வைத்திருப்பவருக்கு நல்ல தேர்வு. பெரியவரின் கடிகாரத்துக்கு இல்லை. அவர் 2024 கிறிஸ்துமஸுக்கு லவ்வின் 10-ஆம் எண் ஜெர்சி வாங்கிக்கொண்டார். பேரன் வாங்கிக் கொடுத்தான் என்று ஒரு சால்ஜாப்பு.

போன வருஷம், 2025 ஏப்ரலில், டிராஃப்டே கிரீன் பேக்கு வந்தது. மூன்று நாளில் ஆறு லட்சம் பேர். நாங்களும் போனோம், முதல் நாள், அவர் முழங்காலுக்கு நீக்கேப் மாட்டிக்கொண்டு, நான் அவருடைய மடக்கு நாற்காலியைச் சுமந்துகொண்டு. உள்ளே நாற்காலி கூடாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், மறுபடி கார் வரை நடந்தேன். 23-ஆவது முறை வந்தது. மேடையில் அணித் தலைவர் மார்க் மர்ஃபி பெயரை வாசித்தார்: மேத்யூ கோல்டன், ரிசீவர், டெக்சஸ். இருபத்திமூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் சுற்றில் ஒரு ரிசீவர். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. பெரியவர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர்.

திரும்பும்போது 41-ஆம் நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல். ரொம்ப நேரம் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தூங்கிவிட்டார் என்று ரேடியோவைக் குறைத்தேன்.

"ரிசீவர்தான் நம்மகிட்ட இருக்கானுங்களே, அஞ்சு பேர்" என்றார். "கார்னர்பேக் ஒருத்தனை எடுத்திருக்கணும்."